அருள்தந்தை எட்மண்ட் வால்ஷின் ஆவணங்களை எப்படிப் படிப்பது?

அரசியல் அறிவியலில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் கேட்டது இது: இயேசு சபைக் குருவும் புவிசார் அரசியல் (ஒரு நாட்டின் நிலமும் இருப்பிடமும் அதன் அரசியலை எப்படி வடிவமைக்கின்றன என்று ஆராயும் துறை) பேராசிரியருமான எட்மண்ட் வால்ஷின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கம்யூனிசத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஒரு குருவின் தாள்களை அரசியல் வரலாற்றுக்கு ஆதாரமாக எந்த அளவு நம்பலாம்? எங்கிருந்து தொடங்குவது?

நம்பலாம். ஆனால் அந்தப் பெட்டிகளில் இருப்பதையெல்லாம் "வால்ஷ் சொன்னது" என்று ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. அவர் ஒரே சமயத்தில் பலருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக வாழ்ந்தார். திருத்தந்தை, சபைத் தலைவர், பல்கலைக்கழகம், அமெரிக்க அரசு, சொற்பொழிவு கேட்க வந்த பொதுமக்கள் என்று ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியது ஒவ்வொரு விதம். ஒரு தாளைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது, இதை எழுதும்போது அவர் எந்தப் பொறுப்பில் இருந்தார், யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எழுதினார் என்பதுதான். இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885 அக்டோபர் 10இல் பாஸ்டனில் ஒரு காவலரின் மகனாகப் பிறந்தார். 1902இல் இயேசு சபையில் சேர்ந்து, 1916இல் குருப்பட்டம் பெற்றார். 1919இல் ஜார்ஜ்டவுனில் வெளியுறவுப் பணிக்கென்றே ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அமெரிக்க அரசு தன் தூதர்களையும் துணைத்தூதர்களையும் ஒரே பணியாக இணைத்தது 1924இல் வந்த ரோஜர்ஸ் சட்டத்தின் மூலம். பணி உருவாவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதற்கான பள்ளி உருவாகிவிட்டது. பிறகு 1922-23இல் ரஷ்யா, 1929இல் மெக்சிகோ, 1931இல் பாக்தாத், 1945-46இல் நாஜித் தலைவர்கள் மீதான போர்க்குற்ற வழக்கு நடந்த நியூரம்பர்க். 1952இல் பக்கவாதத்தால் செயலிழந்தார். 1956 அக்டோபர் 31இல் இறந்தார். 1958 முதல் அந்தக் கல்விக்கூடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவருடைய தொகுப்பு ஜார்ஜ்டவுனில் லாவிங்கர் நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் இருக்கிறது. நாட்குறிப்புகள், கடிதங்கள், சொற்பொழிவுக் குறிப்புகள், நூல்களின் கையெழுத்துப் படிகள், புகைப்படங்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரு துறவியின் தாள்கள் ஏன் ஒரு சாதாரணப் பேராசிரியரின் தாள்களைப் போல இருப்பதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயேசு சபைக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். அவர் எழுதிய தாளும் அவருடைய சொந்தச் சொத்து என்று வராது. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. வீட்டுப் பரணில் கடிதக் கட்டுகளைப் பாதுகாத்து வைத்து, முப்பது ஆண்டுகள் கழித்து நூலகத்துக்குக் கொடுக்க ஆள் இல்லை. அவர் இருந்த அலுவலகமும் துறவற இல்லமும் எதை வைத்துக்கொண்டனவோ அதுதான் மிஞ்சும். ஆகவே இத்தகைய தொகுப்புகளில் அலுவல் கடிதங்கள் கொழுத்தும் தனிப்பட்ட கடிதங்கள் மெலிந்தும் இருப்பது இயல்பு. அதைப் பார்த்து "இவர் உணர்ச்சியற்ற மனிதர்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. இயேசு சபையினர் தங்கள் மேலாளரிடம் ஆண்டுதோறும் மனத்தைத் திறந்து பேசுவது வழக்கம். அது இரகசியம். வரலாற்று ஆய்வாளர் மிகவும் அறிய விரும்பும் அந்தப் பேச்சு எந்தப் பெட்டிக்குள்ளும் வராது.

அதோடு, ஜார்ஜ்டவுனில் இருப்பது கதையின் ஒரு பாதிதான். வால்ஷ் அனுப்பிய கடிதம் பெற்றவரிடம் இருக்கும். நகல் எடுத்து வைத்திருந்தால்தான் அவரிடம் இருக்கும். ரஷ்யப் பஞ்ச நிவாரணக் கோப்புகள் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஹூவர் நிறுவனத்தில் இருக்கின்றன. வத்திக்கானுக்குப் போனவை ரோமில். சபைத் தலைவருக்குப் போனவை ரோமில் உள்ள இயேசு சபைக் காப்பகத்தில். நியூரம்பர்க் வழக்குக் கோப்புகள் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில். அந்த வழக்கை அமெரிக்கத் தரப்பில் நடத்திய ராபர்ட் ஜாக்சனின் சொந்தத் தாள்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில். மெக்சிகோ விவகாரத்தில் நடுவராக நின்ற தூதர் டுவைட் மோரோவின் தாள்கள் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில். இவற்றையெல்லாம் நேரில் பார்க்க ஒரு மாணவரால் முடியாது, தெரியும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படித்தால், ஜார்ஜ்டவுன் கோப்பில் ஏன் ஒரு கேள்விக்கான பதில் மட்டும் இருக்கிறது, கேள்வி ஏன் இல்லை என்பது புரியும்.

இனி ரஷ்யாவுக்கு வருகிறேன். என் கருத்தில் இந்த மனிதரைத் திறக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

1921இல் வோல்கா ஆற்றுப் பகுதியில் பெரும் பஞ்சம். ஹெர்பர்ட் ஹூவர் நடத்திய அமெரிக்க நிவாரண அமைப்பு அந்த ஆண்டு ஆகஸ்டில் ரீகா நகரில் சோவியத் அரசோடு ஒப்பந்தம் செய்து உணவு அனுப்பத் தொடங்கியது. வத்திக்கான் 1922 மார்ச் 12இல் தனியாக ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதில் கையெழுத்திட்டவர்கள் வத்திக்கானின் அரசுச் செயலர் கர்தினால் காஸ்பாரியும் சோவியத் பிரதிநிதி வோரோவ்ஸ்கியும். அரசியல் பிரசாரம் கூடாது என்பது நிபந்தனை. அந்தத் திருத்தந்தை நிவாரணக் குழுவுக்குத் தலைவராகப் போனவர் 36 வயது வால்ஷ். குழு கிரீமியா, ஓரன்பர்க் உள்ளிட்ட பகுதிகளில் உணவுக்கூடங்கள் நடத்தியது.

இங்கே அவர் ஒரே ஆளாக எத்தனை பொறுப்புகளைச் சுமந்தார் என்று பாருங்கள். நிவாரணப் பணியில் அவர் அமெரிக்க அமைப்பின் குடைக்குள் இருந்தார். மாஸ்கோவில் அதன் தலைவரான கர்னல் வில்லியம் ஹாஸ்கெலோடு ஒத்துப்போயாக வேண்டும். ரஷ்யக் கத்தோலிக்கத் திருச்சபையின் நலன் பற்றிச் சோவியத் அதிகாரிகளிடம் பேசும் பொறுப்பையும் வத்திக்கான் அவரிடம் விட்டிருந்தது. அந்த வகையில் காஸ்பாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இயேசு சபையினர் என்ற முறையில் ரோமில் இருந்த சபைத் தலைவர் லெடோகோவ்ஸ்கிக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ஹாஸ்கெலுக்கு வேண்டியது மாவு மூட்டைக் கணக்கும் ரயில் பெட்டிகளும். காஸ்பாரிக்கு வேண்டியது ஆயர்கள் நிலைமை. பசித்தவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்றால் அரசோடு சண்டை போட முடியாது. திருச்சபைக்காகப் பேச வேண்டும் என்றால் சண்டை போடாமல் இருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் எழுதியவற்றில் தொனி ஏன் தாளுக்குத் தாள் மாறுகிறது என்று ஆச்சரியப்பட வேண்டாம். சில தாள்கள் சோவியத் கண்ணில் படக்கூடும் என்ற நினைப்போடும் எழுதப்பட்டிருக்கும். அடக்கமாக எழுதியிருந்தால் அடக்கமாக நினைத்தார் என்று பொருளில்லை.

1923 மார்ச் மாதம் மாஸ்கோவில் பேராயர் யான் செப்லாக், மொன்சிஞ்ஞோர் கொன்ஸ்தாந்தின் பூட்கேவிச் முதலிய கத்தோலிக்கக் குருக்கள் மீது வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் நிகோலாய் கிரிலென்கோ. செப்லாக்குக்கும் பூட்கேவிச்சுக்கும் மரண தண்டனை. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் செப்லாக்கின் தண்டனை பத்தாண்டுச் சிறையாகக் குறைந்தது. பூட்கேவிச்சை மார்ச் 31 இரவு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில், சுட்டுக் கொன்றார்கள். வால்ஷ் அந்த வழக்கு மன்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். தன்னைப் போன்ற ஒரு குருவுக்குத் தண்டனை வாசிக்கப்படுவதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அதே அரசின் அதிகாரிகளோடு உணவு விநியோகம் பற்றிப் பேச வேண்டிய நிலையில் இருந்தவர். அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் சோவியத் பற்றிப் பேசிய ஒவ்வொன்றிலும் இது இருக்கிறது. அவரை வெறும் பிரசாரகராகப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவரைப் போற்றுபவர்கள் இது மட்டுமே போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு. கண்ணால் கண்டது உண்மை. அதிலிருந்து அவர் பிற்காலத்தில் எடுத்த அரசியல் முடிவுகள் ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட வேண்டும்.

ஒத்துப் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. நியூயார்க் ஹெரால்டு செய்தியாளர் பிரான்சிஸ் மெக்கல்லாவும் அந்த வழக்கு மன்றத்தில் இருந்தார். 1924இல் நூலாகவே எழுதினார். வால்ஷ் எழுதியதை அதோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு 1928இல் வால்ஷ் வெளியிட்ட ரஷ்யப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய நூலையும், வாஷிங்டனில் அவர் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளையும் படியுங்கள். நிகழ்ந்த காலத்தில் எழுதிய குறிப்பு, ஐந்தாண்டு கழித்து எழுதிய நூல், மேடையில் பேசியது என்று மூன்றும் ஒரே நிகழ்ச்சியை எப்படி வெவ்வேறாகத் தூக்கிக் காட்டுகின்றன என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைக்குப் போதும்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 17ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்திரேயா பொபோலாவின் உடலைச் சோவியத் அரசு மாஸ்கோவில் ஒரு சுகாதார அருங்காட்சியகத்தில் வைத்திருந்தது. அதை விட்டுக்கொடுக்கும்படி பேசி இணங்கவைத்தவர்களில் முக்கியமானவர் வால்ஷ். அவருடைய உதவியாளர் லூயிஸ் கல்லாகர் 1923 இலையுதிர் காலத்தில் அந்த உடலை ஒடேசா, கான்ஸ்டான்டினோப்பிள் வழியாக ரோமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதே கல்லாகர்தான் 1962இல் வால்ஷின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்த நூலைப் பயன்படுத்தும்போது, எழுதியவர் கூடவே இருந்து பார்த்தவர் என்ற பலத்தையும், கூடவே இருந்த அன்பர் என்ற எல்லையையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் காலத்து வத்திக்கான் ஆவணங்கள், அதாவது 1939 பிப்ரவரி வரையானவை, ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது 2006இல்தான். பன்னிரண்டாம் பயஸ் காலத்தவை 2020 மார்ச் 2இல் திறந்தன. ஆக, 2006க்கு முன் ரஷ்யக் குழுவைப் பற்றி எழுதிய எவரும் வத்திக்கான் பக்கத்தை முழுதாகப் பார்த்திருக்க முடியாது. பழைய நூல் ஒன்று "ரோம் இப்படி விரும்பியது" என்று உறுதியாகச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறது என்று கேளுங்கள்.

மெக்சிகோவில் நிலைமை வேறு. அங்கே 1926 முதல் அரசுக்கும் கத்தோலிக்கக் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே கிரிஸ்தேரோ போர். 1929இல் வால்ஷ் வத்திக்கான் சார்பில் ஓசையில்லாமல் அங்கே போனார். ஜூன் 21இல் அதிபர் போர்தெஸ் கில்லும் மெக்சிகோ ஆயர்களும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வெளியே தெரியாமல் செய்ய வேண்டிய பணியில் நல்ல தூதர் அதிகம் எழுதிவைக்க மாட்டார். அதனால் இந்தப் பகுதிக்கு மோரோவின் தாள்களும் அமெரிக்க ஆயர்கள் தரப்பில் உழைத்த அருள்தந்தை ஜான் பர்க்கின் கடிதங்களும் கட்டாயம் வேண்டும். பாக்தாத் எளிது: அமெரிக்க இயேசு சபையினர் ஒரு பள்ளி தொடங்க 1931இல் பேசி வழிசெய்தார்; பாக்தாத் கல்லூரி 1932இல் திறந்தது.

நியூரம்பர்க் பகுதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், குறிப்பாக நீங்கள் அரசியல் கோட்பாடு படிப்பவராக இருந்தால். 1945இல் வால்ஷ், ஜாக்சனின் ஆலோசகராக ஜெர்மனி போனார். அவரிடம் வந்த வேலைகளில் ஒன்று, ஜெர்மன் புவிசார் அரசியலின் தந்தை என்று பெயர்பெற்ற கார்ல் ஹவுஸ்ஹோபரை விசாரிப்பது. ஹிட்லரின் நாடுபிடிக்கும் கொள்கைக்கு இந்தப் பேராசிரியரின் பாடம்தான் விதை போட்டது என்று அமெரிக்காவில் பரவலாக நம்பினார்கள். ஹவுஸ்ஹோபருக்கு அப்போது 76 வயது, உடல் நலிந்திருந்தது. அவருடைய மகன் ஆல்பிரெக்டை, ஹிட்லர் எதிர்ப்பில் பங்கு கொண்டதற்காக, 1945 ஏப்ரலில் நாஜிகளே கொன்றிருந்தார்கள். கேள்வி கேட்டவரும் புவிசார் அரசியல் கற்பிப்பவர், பதில் சொன்னவரும் அதையே கற்பித்தவர். ஒரு வகுப்பறைக் கருத்து எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதை இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச நேர்ந்தது. வால்ஷ் கேட்டுக்கொண்டபடி ஹவுஸ்ஹோபர் தன் தரப்பை எழுதித் தந்தார். அது 1945 நவம்பர் 2 தேதியிட்டது. அவர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. 1946 மார்ச் 10இல் ஹவுஸ்ஹோபரும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இதை வால்ஷ் 1948இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். ஹவுஸ்ஹோபரின் விளக்கத்தையும் அதில் சேர்த்திருக்கிறார். பலர் அந்த நூலை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 1945 இலையுதிர் காலத்தில் எழுதிய குறிப்பு நாஜி ஜெர்மனியைப் பற்றியது. 1948இல் எழுதிய நூல் சோவியத் ஒன்றியத்தை எதிரே நிறுத்தி எழுதியது. இடையில் உலகம் மாறிவிட்டது, ஹவுஸ்ஹோபரும் இறந்துவிட்டார். அவர் மீதான மதிப்பீட்டில் எவ்வளவு விசாரணை அறையில் உருவானது, எவ்வளவு பனிப்போர் சேர்த்தது என்பதைக் காப்பகத் தாள்களை வைத்துத்தான் பிரிக்க முடியும். இந்தத் தொகுப்பில் அரசியல் அறிவியலுக்கு மிகவும் வளமான இடம் இதுதான் என்பேன். நியூரம்பர்க்கிலிருந்து நேரடியாக விளைந்த நல்லதும் ஒன்றுண்டு. அங்கே ஒரே நேர மொழிபெயர்ப்பை ஏற்பாடு செய்த லியோன் டோஸ்டெர்ட்தான் 1949இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய மொழிகள் மற்றும் மொழியியல் நிறுவனத்துக்கு முதல் தலைவர்.

மெக்கார்த்தி விருந்துக் கதையை நீங்கள் எப்படியும் எதிர்கொள்வீர்கள். 1950 ஜனவரியில் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வால்ஷ், இன்னும் இருவர் சாப்பிட்டார்கள் என்றும், தேர்தலுக்கு எதைக் கையில் எடுக்கலாம் என்று செனட்டர் கேட்க, கம்யூனிச ஆபத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வால்ஷ் என்றும் பத்திரிகையாளர் டுரூ பியர்சன் எழுதினார். அமெரிக்க வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று மெக்கார்த்தி குற்றம்சாட்டிய புகழ்பெற்ற வீலிங் நகர உரை 1950 பிப்ரவரி 9. கால வரிசை பொருந்துவதால் கதை நூல் நூலாகப் பரவியது. பின்னால் ஆராய்ந்தவர்கள் பலர் அந்த உரையாடல் அப்படி நடந்தது என்பதைச் சந்தேகிக்கிறார்கள். மெக்கார்த்தி அதற்கு முன்பே கம்யூனிச எதிர்ப்புப் பேசியவர்தான். இதற்கான ஆதாரத்தை வால்ஷ் பெட்டிகளில் தேடி, கிடைக்கவில்லை என்றால் என்ன சொல்வீர்கள்? சாப்பாட்டு மேசைப் பேச்சுக்குக் கோப்பு இருக்காது. தாள் இல்லாதது குற்றத்தையும் நிரூபிக்காது, அப்பாவித்தனத்தையும் நிரூபிக்காது. "பியர்சன் எழுதினார், உறுதிப்படவில்லை" என்று எழுதி மேலே போங்கள்.

அதைவிட உண்மையாக அவரிடம் கணக்குக் கேட்க வேண்டிய இடம் 1951இல் அவர் வெளியிட்ட நூல். எதிரி அணுகுண்டோடு தாக்கப் போகிறான் என்பது உறுதியாகத் தெரிந்தால், முந்திக்கொண்டு தாக்குவது அறநெறிப்படி அனுமதிக்கப்பட்டதே என்று அதில் வாதாடினார். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உறுதியாகத் தெரிவது என்பது யாருக்கு, எப்போது என்ற கேள்விக்கு அதில் போதுமான பதில் இல்லை. பஞ்சத்தில் கிடந்த ரஷ்யக் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்த ஒருவர் அந்த மக்களின் நகரங்கள் மீது குண்டு விழுவதைப் பற்றி இப்படி எழுத வந்தது எனக்கு வேதனை தருகிறது. ஆனால் அது அவசரப் பேச்சு இல்லை. நியாயமான போர் பற்றிய கத்தோலிக்க மரபைக் கொண்டு அவர் கட்டிய வாதம். அதன் முன்வரைவுகளையும் அப்போது வந்த எதிர்வினைக் கடிதங்களையும் தேடிப் படித்தால்தான் குருவும் அரசியல் ஆசிரியரும் அவருக்குள் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பது தெரியும்.

இனி நடைமுறை. முதலில் ஜார்ஜ்டவுன் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் தொகுப்பு விவரப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். பெட்டி எண், கோப்புறை எண், தலைப்பு, ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். தலைப்புகளை நம்பி மட்டும் தேடாதீர்கள். "பலதரப்பட்டவை" என்று பெயரிட்ட கோப்புறைகளில்தான் நகல் எடுத்த கடிதங்கள் அடிக்கடி கிடக்கும். நேரில் போக முடியாவிட்டால் காப்பாளருக்கு எழுதுங்கள்: பெட்டி, கோப்புறை எண்ணோடு, எந்தக் கேள்விக்காகக் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரியில் சொன்னால் பெரும்பாலான அமெரிக்கக் காப்பகங்கள் பொறுமையோடு உதவும். குறிப்பெடுக்கும்போது மூலத் தாளா, கார்பன் நகலா, தட்டச்சு செய்த படியா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன் நகல் இருப்பதால் கடிதம் அனுப்பப்பட்டது என்று ஆகிவிடாது.

மாணவர் பதிவேடுகளைக் காட்ட மாட்டார்கள்; 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றைப் பாதுகாக்கிறது. சபையின் ஆளணிக் கோப்புகளுக்குத் தனி அனுமதி வேண்டும். வெளியிடுவதைப் பொறுத்தவரை, அமெரிக்கச் சட்டத்தில் அச்சேறாத எழுத்தின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை. வால்ஷ் 1956இல் இறந்ததால், அவருடைய அச்சேறாத குறிப்புகளும் கடிதங்களும் 2026 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. அவருக்கு மற்றவர்கள் எழுதியவற்றின் உரிமை அந்தந்தக் கடிதக்காரரைச் சேர்ந்தது. பெட்டி வால்ஷ் பெயரில் இருப்பதால் அது மாறாது. மேற்கோள் காட்டுவதற்கு இது தடையில்லை, முழுக் கடிதத்தையும் அச்சிடுவதற்குத்தான் அனுமதி தேவை.

தொடங்க வேண்டிய வரிசை என்று கேட்டால், முதலில் 1922-23 நாட்குறிப்பும் கடிதங்களும், அடுத்து 1945-46 குறிப்புகள், பிறகுதான் அவர் அச்சிட்ட நூல்கள். நூல்களை முதலில் படித்தால் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதையை வைத்துக்கொண்டே பெட்டிகளைத் திறப்பீர்கள். அதற்குள் பொருந்தாத தாள்கள் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.